குவாண்டம் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? ஃபிரிட்ஜ் மூடுவதற்கு முன் வாயைத் திறந்துவிடுங்கள்

தியரியில் பிஎச்டி முடித்துவிட்டு, வெளிநாட்டில் சூப்பர்கண்டக்டிங் கியூபிட் (மீக்கடத்திச் சுற்றால் ஆன, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) செய்யும் குழுவில் ஆராய்ச்சி விஞ்ஞானியாகச் சேர்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான். நாள் முழுக்கக் கரும்பலகையில் சமன்பாடு எழுதப் போகிறோம் என்று நினைத்தேன். முதல் மாதம் கையில் இருந்தது ஸ்பேனரும் கேபிளும்.

அங்கே எல்லாருடைய நாட்காட்டியையும் தீர்மானிப்பது, கியூபிட்டைக் கடுங்குளிரில் வைக்கும் டைல்யூஷன் ஃபிரிட்ஜ்தான். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கியூபிட்டின் இரு நிலைகளுக்கு இடையே உள்ள ஆற்றல் இடைவெளியை வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 0.24 கெல்வின். அதைவிட நன்றாகக் கீழே இறங்கினால்தான் வெப்பமே கியூபிட்டைத் தட்டி எழுப்பாமல் இருக்கும். அதனால் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையை வைத்து 10, 20 மில்லிகெல்வினுக்குக் கொண்டுபோகிறார்கள். இறங்க இரண்டு மூன்று நாள், திரும்பச் சூடாக்க மறுபடி நாள்கள்.

ஒருமுறை மூடுவதற்கு முன்பே ஒரு கேபிள் வேறு போர்ட்டில் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். "இதுகூடத் தெரியாதா" என்பார்களோ என்ற பயம், என் ஆங்கிலத்தைப் பற்றிய கூச்சம் வேறு, பேசாமல் இருந்துவிட்டேன். குளிர்ந்த பிறகு அந்தக் கியூபிட்டிலிருந்து சிக்னலே இல்லை. திரும்பச் சூடாக்கி, கேபிளை மாற்றி, மறுபடி குளிரவைத்ததில் பத்து நாள் போயிற்று. யாரும் திட்டவில்லை, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்று, டி1, அதாவது கியூபிட் தன் ஆற்றலை இழக்காமல் தாங்கும் நேரம், நேற்று இருந்த மாதிரி இன்று இருக்காது. பொருளுக்குள் இருக்கும் நுண்குறைகள் நிலை மாறி அதை ஆட்டிவைக்கும். ஆகவே குரூப் மீட்டிங்கில் கிடைத்ததிலேயே நல்ல எண்ணை மட்டும் காட்டாதீர்கள், பல மணி நேரம் அளந்த மொத்தச் சிதறலையும் காட்டுங்கள். அழகாக இருக்காதுதான், ஆனால் அனுபவசாலிகள் அதைத்தான் நம்புவார்கள்.

அப்புறம் விசா. குவாண்டம் என்றாலே பின்னணிச் சோதனை நீளலாம், பிரிட்டனில் இயற்பியல் ஆய்வுக்கு நம்மவர்களில் பலருக்கு ஏடாஸ் (ATAS) என்ற பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழும் வேண்டும், எனவே வேலை ஒப்புக்கொண்ட அன்றே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். அமெரிக்கா 2024 செப்டம்பரில் குவாண்டம் கணினிகளையும் அவற்றுக்கான சில கருவிகளையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் சேர்த்தது. மென்பொருளும் தொழில்நுட்ப விவரமும் அதில் அடங்கும், ஆகவே பழைய நண்பனுக்குச் சாதாரணமாக ஒரு வரைபடம் அனுப்புவதுகூட வம்பாகலாம். அனுப்பும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் "குவாண்டம் கணினியால் பாஸ்வேர்டெல்லாம் எப்போது உடையும்?" என்று கேட்பார்கள். 2024 டிசம்பரில் வந்த கூகுளின் வில்லோ சிப்பில் இருந்தது 105 கியூபிட்தான், பாஸ்வேர்டுக்கு இன்னும் வெகுதூரம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போங்கள்.

சரி, நாளைக்கு லேபுக்குப் போனதும் ஃபிரிட்ஜ் அடுத்து எப்போது திறக்கும் என்று விசாரியுங்கள். அன்றைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.