டேங்கில் ஒட்டிய பழைய ஸ்டிக்கரை எடுக்கச் சூடு நல்லதா, தின்னர் நல்லதா?

இரட்டைச்சக்கரம்:
ஏழு ஆண்டுகள் ஓடிய வண்டி ஒன்றை அண்மையில் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் டேங்கின் இரு பக்கமும் பெரிய வினைல் ஸ்டிக்கர்களை ஒட்டியிருக்கிறார். சைடு பேனலிலும் ஒன்று இருக்கிறது. ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தால் நகக்கண் அளவுக்குத் துண்டு துண்டாகப் பிய்கிறதே தவிர, தாளாக உரிந்து வரவில்லை. பிய்ந்த இடத்தில் பசை அப்படியே நிற்கிறது. அதன்மேல் தூசி படிந்து கறுத்தும் விட்டது. ஒரு மெக்கானிக், பெயின்ட்டை இளக்கப் பயன்படுத்தும் தின்னரால் துடைக்கச் சொன்னார். இன்னொருவர் தின்னர் பக்கமே போகக்கூடாது என்றார். பெயின்ட் கெடாமல் இதை எடுக்க எது சரியான வழி?

பட்டறைவாசி:
தின்னர் கூடாது என்று சொல்பவர்களில் பலர் அதைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள். கம்பெனியிலிருந்து வரும் டேங்கின் பெயின்ட், ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு இறுக வைக்கப்பட்டது. அப்படி இறுகிய பூச்சு, தின்னர் நனைத்த துணி ஓரிரு முறை பட்டுப் போவதால் கரைந்துவிடாது. பசையோ தின்னரை உறிஞ்சி, ஊதி, குழைந்துவிடும். ஒரே துடைப்பில் துணியோடு வந்துவிடும். துணியை ஊற வைக்காமல், ஓரிடத்தில் நிறுத்தாமல், துடைத்த உடனே சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும். பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறேன். ஒரு டேங்கும் கெட்டதில்லை.

மெதுநடை:
பட்டறைவாசி ஐயா இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். மேலே இருக்கும் தாளை எடுப்பது ஒரு வேலை. தாள் போன பிறகு நிற்கும் பசையை எடுப்பது வேறொரு வேலை. தாளின்மேல் தின்னரை ஊற்றினால், அது பசையை எட்டுவதற்கு முன்பே அச்சிட்ட மையைக் கரைத்து, டேங்க் முழுவதும் சாயமாக இழுத்துவிடும்.

ஸ்டிக்கர் துண்டு துண்டாகப் பிய்வதற்குக் காரணம் பசையின் பலம் மட்டுமல்ல. வினைலை வளைந்து கொடுக்கச் செய்யும் பொருள் வெயிலிலும் காலப்போக்கிலும் வெளியேறிவிடுவதால், தாள் காய்ந்த சருகைப் போல ஆகிவிடுகிறது. அதை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் தாளும் இளகும், பசையும் இளகும். மேற்பரப்பில் உள்ளங்கையைச் சில விநாடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தச் சூடு போதும். பிறகு ஒரு மூலையைக் கிளப்பி, தாளை நேராக மேலே தூக்காமல், தன்மேல் தானே மடிந்து வரும்படி பின்னோக்கி, மிக மெதுவாக இழுக்க வேண்டும். இந்த வகைப் பசை வேகமாக இழுத்தால் கெட்டியான பொருளைப் போல முரண்டு பிடிக்கும். மெதுவாக இழுத்தால் பாகு போல இடம் கொடுக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது இதற்காகவே சொன்னது போல இருக்கிறது. பசை நூலிழையாக நீண்டு அறுவதைக் கண்ணால் பார்க்கும் அளவுக்கு நிதானமாக இழுத்தால், பெரும்பகுதி பசை தாளோடே வந்துவிடும்.

பட்டறைவாசி:
தின்னருக்கு அஞ்சும் நண்பர் பெட்ரோல் டேங்கின்மேல் சூடு காட்டச் சொல்வதுதான் வேடிக்கை. பெட்ரோலின் ஆவி, பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். படிப்பவர்களில் யாராவது ஒருவர், சூடு என்ற சொல்லைக் கண்டவுடன் ஹீட் கன்னை எடுத்துக்கொண்டு வருவார். அது 500 டிகிரிக்கு மேல் போகும் கருவி. பெயின்ட்டைக் கொப்பளிக்க வைப்பதற்கு ஒரு நிமிடம் கூட வேண்டாம். அவரிடம் என்ன சொல்வீர்கள்?

மெதுநடை:
நியாயமான கேள்வி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஹீட் கன் வேண்டாம். ஹேர் டிரையருக்குள்ளும் சிவக்கச் சூடாகும் கம்பிச்சுருள் இருப்பதால், டேங்க் வண்டியில் இருக்கும்போதோ பெட்ரோல் வாடை வரும்போதோ அதுவும் வேண்டாம். டேங்கிற்கு வெந்நீரே போதும். ஆவி பறக்கும் வெந்நீரில் தடித்த துணியை நனைத்துப் பிழிந்து, ஸ்டிக்கரின்மேல் இரண்டு மூன்று நிமிடம் போர்த்தி வைத்து, ஆறியதும் மறுபடி நனைத்துப் போடலாம். வேலை நீளும், ஆனால் தீப்பிடிக்க எதுவும் இல்லை. சைடு பேனலைக் கழற்றித் தனியே எடுத்துச் சென்ற பிறகு ஹேர் டிரையரைப் பயன்படுத்தலாம். பற்றிக்கொள்ளும் ஆவி விஷயத்தில் உங்கள் தின்னரும் பெட்ரோலுக்கு இளைத்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வண்ணக்கலவை:
பெயின்ட் அடிப்பது என் தொழில் என்பதால் இரு தரப்பிலும் விடுபட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சூடா தின்னரா என்று கேட்பதற்கு முன், ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பது எந்தப் பெயின்ட் என்று பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுகள் பிறர் கையில் இருந்த வண்டி ஒருமுறையாவது விழுந்திருக்கலாம். ஒரு பாகத்துக்காவது மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம். கம்பெனி பெயின்ட்டைப் பற்றிப் பட்டறைவாசி சொன்னது சரி. ஆனால் பழைய லாக்கர் வகைப் பெயின்ட் எத்தனை ஆண்டு காய்ந்தாலும் தின்னரில் கரையும். ஏனென்றால் அது தின்னர் ஆவியாகிப் போனதால் மட்டுமே காய்ந்தது. பாகத்தின் உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுத் தின்னர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினாலோ அந்த இடம் பிசுபிசுத்தாலோ, தின்னரை அந்த அளவில் மூடி வைத்துவிடலாம்.

அடுத்தது, அந்த ஸ்டிக்கர் கிளியர் கோட்டுக்கு, அதாவது நிறத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற காப்புப் பூச்சுக்கு, மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது. கம்பெனியிலேயே ஒட்டிவரும் கிராஃபிக்ஸ் பலவற்றின் மேல் கிளியர் அடித்திருப்பார்கள். ஓரத்தில் நகத்தை ஓட்டினால் படி தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதை எந்தச் சூடும் எந்தத் திரவமும் எடுக்காது. உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. உங்களுடையதில் ஓரம் நகத்தில் மாட்டுகிறது என்பதால் அந்தக் கவலை இல்லை.

சைடு பேனல் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருக்கும். தின்னரில் அசிட்டோன், டொலுவீன் போன்றவை கலந்திருப்பதால், பெயின்ட் உதிர்ந்த கீறல் வழியே அவை பிளாஸ்டிக்கைத் தொட்டால் அது குழைந்து சுருங்கும். பிளாஸ்டிக்கின் மேல் அடிக்கும் பெயின்ட்டை டேங்கைச் சுடும் அளவுக்குச் சுடவும் முடியாது, பிளாஸ்டிக் தாங்காது. ஆகவே டேங்கில் கிடைத்த அனுபவத்தைப் பேனலுக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு.

இன்னொன்றையும் பார்த்து வருகிறேன். ஸ்டிக்கர் எடுத்த பிறகு என்னிடம் வரும் பாகங்களில் கரைப்பானால் கெட்டவற்றைவிடத் தேய்ப்பால் கெட்டவையே அதிகம். கறுத்த பசை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கறுப்பு முழுவதும் பசைக்குள் பதிந்த மண்துகள். அதை அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாளை ஓட்டுவதற்குச் சமம். கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி மண்ணைப் போக்க வேண்டும். பிறகு சமையல் எண்ணெயையோ பசை நீக்கும் திரவத்தையோ தடவி, பதினைந்து இருபது நிமிடம் ஊறவிட்டு, கட்டைவிரலால் உருட்டினால் பசை அழுக்கைப் போலத் திரண்டு வரும். வராத இடத்துக்கு மறுபடி தடவலாமே தவிர, பிளேடு எடுக்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.

கடைசிப்பெஞ்சு:
டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கிறது. எண்ணெயும் வேண்டாம், தின்னரும் வேண்டாம். அழிரப்பர் போல நிமிடத்தில் பசையை உருட்டி எடுத்துவிடும். அதை யாரும் சொல்லவில்லையே?

வண்ணக்கலவை:
இரும்புத் தகட்டில், பழகிய கையில், வேகத்தைக் குறைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டினால் நல்ல கருவிதான். டேங்கின் வளைவிலும் பிளாஸ்டிக்கிலும் அது கிளப்பும் சூடு ஒரு நொடியில் பெயின்ட்டைத் தீய்த்துவிடும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டில் பயன்படுத்தவே வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும், அதை மறுபடி மேட் ஆக்க எந்தப் பாலிஷாலும் முடியாது.

பட்டறைவாசி:
வண்ணக்கலவை சொன்ன பிளாஸ்டிக் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை தின்னர் தெறித்து, ஹெட்லைட் கண்ணாடி பனி படிந்தது போல மங்கிவிட்டது. நாம் கண்ணாடி என்று சொல்வது பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்பது அன்றுதான் உறைத்தது.

ஆனால் எண்ணெயைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லையே. அது ஓரங்களிலும் இடுக்குகளிலும் இறங்கி, நாள்கணக்கில் கசிந்து தூசியைப் பிடிக்கும். வழிந்து பிரேக் டிஸ்க்கில் பட்டால் பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பிரேக் பிடிக்காது. எண்ணெய் தடவுகிறவர் டிஸ்க்கை மூடி வைத்துவிட்டுத் தடவட்டும்.

இரட்டைச்சக்கரம்:
அனைவருக்கும் நன்றி. நேற்று வேலையை முடித்தேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டேங்கின் உள்மடிப்பில் சோதித்தபோது துணியில் நிறம் இறங்கவில்லை. வெந்நீர்த் துணியைப் போர்த்திப் போர்த்தி, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது. முதல் மூலை கிளம்பத்தான் பாடுபடுத்தியது; அதன்பின் உள்ளங்கை அகலத்துக்குத் தாள்கள் உரிந்து வந்தன. பசையை எண்ணெயும் கட்டைவிரலுமாக எடுத்தேன். பெயின்ட்டில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஸ்டிக்கர் இருந்த இடம் ஆழ்ந்த சிவப்பாகவும் சுற்றிலும் வெளிறியும் இருப்பதால், பழைய எழுத்துகளை இன்னும் படிக்க முடிகிறது.

பேனலில் சோதித்தபோது துணி சிவந்துவிட்டது. அதனால் தின்னர் இல்லாமல், கழற்றி வைத்து ஹேர் டிரையரால் சூடாக்கி இழுத்தேன். கடைசி மூலையில் நாணயம் அளவுக்குப் பெயின்ட் ஸ்டிக்கரோடு உரிந்து, அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தெரிகிறது.

பட்டறைவாசி:
பார்த்தீர்களா? கெடுத்தது தின்னர் அல்ல, சூடு.

வண்ணக்கலவை:
சூடு கெடுக்கவில்லை. பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் போடாமலோ உப்புத்தாள் தேய்க்காமலோ யாரோ அதன்மேல் நேரடியாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்தப் பெயின்ட் பேனலைப் பிடித்திருந்ததைவிடப் பசை பெயின்ட்டைப் பிடித்திருந்த பிடி வலுவானது. எந்த முறையில் இழுத்திருந்தாலும் அந்த மூலை போயிருக்கும். தின்னராக இருந்தால் பேனல் முழுவதும் போயிருக்கும். அந்தப் பேனலை இனி ஒட்டுப்போட வேண்டாம். முழுவதும் சுரண்டி, பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.

டேங்கில் தெரியும் எழுத்து பசையின் மிச்சம் அல்ல. சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் வெளுத்திருக்கிறது. மூடியிருந்த இடம் வெளுக்கவில்லை. மெல்லிய பாலிஷால் சுற்றுப்புறத்தை இழைத்தால் வேறுபாடு ஓரளவு குறையும். நிறமே வெளுத்திருந்தால் முழுவதும் மறையாது. கிளியர் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

பட்டறைவாசி:
சரி, பேனலை விடுங்கள். டேங்கில் பசை முழுவதும் எண்ணெய்க்கே வந்துவிட்டதா? உண்மையைச் சொல்லுங்கள்.

இரட்டைச்சக்கரம்:
இரண்டு இடத்தில் வரவில்லை, ஐயா. அங்கே மட்டும் துணி நுனியில் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன், உடனே வந்துவிட்டது.