வறட்சியில் தண்ணீர் தேடும் உயிர்கள்: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

நான் மலேசியாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 1998 வறட்சி பலருக்கு ஞாபகம் இருக்கும், பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது அந்த ஏப்ரலில்தான். எங்கள் லயத்து வீடுகளின் குழாயில் காற்றுதான் வந்தது. அப்பா ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போகுமுன், இருட்டோடு இருட்டாக, காண்டாவில், அதாவது தோளில் சுமக்கும் கழியில், இரண்டு வாளி மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார். திரும்பும்போது தண்ணீர் தளும்பாமல் இருக்க ஒவ்வொரு வாளியிலும் ஒரு துண்டு வாழையிலை மிதக்கும்.

மூன்று வருடம் முன்பு ராஜஸ்தான் போனபோது, பீகானேர் தாண்டி ஒரு குட்டைக்கரையில் காலையில் உட்கார்ந்திருந்தோம். கல்கௌதாரிப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. எல்லாம் அவசரமாகக் குடித்துவிட்டுப் பறக்க, ஒரு ஆண் மட்டும் வயிறு நனையும் ஆழத்துக்கு இறங்கி, சிறகை விலக்கிக்கொண்டு உடம்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நின்றது. குளிக்கிறது என்று நினைத்தேன். கூட வந்த வழிகாட்டி, பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்கிறது என்றார். அதன் வயிற்று இறகில் சுருள் சுருளாக நுண்ணிய இழைகள் உண்டு, நனைந்தால் பிரிந்து நின்று தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் உள்ள இதன் சொந்தக்கார இனம் ஏறக்குறைய 25 மில்லி சுமக்கும், கூடு முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் கொண்டுபோகும். தண்ணீர் உள்ள இடத்தில் கழுகும் நரியும் காத்திருக்கும், அதனால்தான் கூட்டை அவ்வளவு தூரத்தில் வைக்கிறது. குஞ்சுகள் அப்பன் வயிற்றுக்கடியில் புகுந்து இறகை அலகால் உருவி உருவிக் குடிக்கும். 1896-இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர், தான் வளர்த்த பறவைகளில் இதைப் பார்த்து எழுதியபோது பலர் நம்பவில்லை. கலஹாரி பாலைவனத்தில் நேரில் ஆராய்ந்து கேட், மக்லீன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் உறுதிசெய்தது 1967-இல்.

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

கூலிமிலிருந்து:
அண்ணே, படிக்கும்போதே மனசு என்னவோ ஆகிவிட்டது. நான் பார்த்தது ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம். உடம்பெல்லாம் முள்ளாக, கையளவு பல்லி. அதன் வாய் எறும்பு பொறுக்க மட்டும்தான் ஆகும், நக்கிக் குடிக்க வராது. அங்கிருந்தவர் அது நின்ற மணலைக் கொஞ்சம் நனைத்தார். காலிலிருந்து ஈரம் மெல்ல மேலேறி, தோல் கருத்துக்கொண்டே வந்தது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. செதில்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய கால்வாய்கள் வழியாகத் தண்ணீர் வாயோரம் சேர, அது வாயை மட்டும் அசைத்து விழுங்கியது.

தைப்பிங்கிலிருந்து:
நான் சவூதியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒட்டகத் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று இன்னும் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள், அது கொழுப்பு. பட்டினி கிடந்த ஒட்டகத்தின் திமில் பை போல ஒரு பக்கம் தொங்கியதைத் தொட்டே பார்த்திருக்கிறேன். பகலில் உடம்புச் சூட்டை ஏறவிட்டு வியர்வையை மிச்சம் பிடிக்கும், மூச்சில் போகும் ஈரத்தைக்கூட மூக்குக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தாகம் முற்றிய ஒட்டகம் கால் மணி நேரத்துக்குள் நூறு லிட்டர் குடிக்கும்.

மறுபடியும் பாடாங் செராயிலிருந்து:
நன்றி தங்கச்சி, நன்றி தம்பி. அப்பாவுக்கு இப்போது 78. நேற்று அந்தக் கல்கௌதாரி படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "வழியில் சிந்தாதா?" என்று கேட்டார்.