ஒரு கைக்குள் அடங்குகிற போன் இன்னும் விற்கிறார்களா?

மின்மினி:
என் பழைய போன் 5 அங்குலத் திரை. ஏழு வருடம் உழைத்துவிட்டது. இப்போது காலையில் முழு சார்ஜ் போட்டாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடுகிறது. மாற்றியே ஆக வேண்டும். கடையில் எதைத் தொட்டாலும் 6.7 அங்குலம். "சின்னதா எதுவும் இல்லையா தம்பி?" என்று கேட்டதற்கு ஒரு பட்டன் போனை எடுத்து நீட்டினார்.

என் பாடு இதுதான். தினமும் அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு பஸ், பாதி நாள் நின்றுகொண்டுதான். ஒரு கை கம்பியில், தோளில் சாப்பாட்டுப் பை. மிச்சமிருக்கும் கையில் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் தமிழில் அடிக்க வேண்டும். நான் பழகியது தமிழ்99 விசைப்பலகை. அதில் உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம். தங்கையின் பெரிய போனை வாங்கி அடித்துப் பார்த்தேன். 'ஆ'வை எட்டப் போனால் உள்ளங்கைச் சதை வலது ஓரத்தில் பட்டு, அடித்ததெல்லாம் அழிகிறது. கனத்தைத் தாங்கிய சுண்டுவிரலில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. பழைய போன் என்றாலும் வாங்கத் தயார். வழி சொல்லுங்கள்.

கம்பிவேலி:
அங்குலத்தைப் பார்க்காதீர்கள், அகலத்தைப் பாருங்கள். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. முன்பெல்லாம் திரையின் நீள அகல விகிதம் 16:9. 2017 வாக்கில் 18:9 வந்தது, இப்போது 20:9 வரை போய்விட்டது. அதாவது திரை நெட்டையாகிக்கொண்டே போகிறது. ஐபோன் 8 பிளஸ் 5.5 அங்குலம்தான், ஆனால் அகலம் 78.1 மி.மீ. சாம்சங் கேலக்ஸி எஸ்25 6.2 அங்குலம், அகலமோ 70.5. பேருக்குப் பெரியது, கைக்குச் சின்னது.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 147-க்கு 70.5 மி.மீ. அளவில் அட்டை வெட்டி, நடுவில் பத்து ரூபாய் நாணயங்களை இரண்டு அடுக்காக வைத்து ஒட்டுங்கள். ஒரு நாணயம் 7.71 கிராம். இருபது வைத்தால் அட்டையோடு சேர்ந்து கிட்டத்தட்ட எஸ்25-இன் 162 கிராம் வந்துவிடும். இரண்டு நாள் கையில் வைத்துப் பாருங்கள்.

கடைக்காரன்:
அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள் மேடம், நானும் போன் கடைதான். 2011-இல் முதல் கேலக்ஸி நோட் வந்தது, 5.3 அங்குலம். தோசைக்கல்லைக் காதில் வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தோம். இன்றைக்கு அதே அளவைக் காட்டினால் குழந்தைக்கா என்று கேட்கிறார்கள். ஐபோனில் 12 மினி, 13 மினி என்று இரண்டு வருடம் 5.4 அங்குலத்தில் விட்டார்கள். 2022-இல் மினி இல்லை, 6.7 அங்குல பிளஸ் வந்து நின்றது. மினியைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும் "அடடா, அழகா இருக்கே" என்பார்கள். பில் போடும்போது பெரியதுதான். வீட்டில் அதுதான் டிவி, அதுதான் பிள்ளைக்குப் பாடம். பேட்டரியும் பெரியதாக வைக்கலாம். விற்காததை நான் எத்தனை நாள் அலமாரியில் வைத்திருப்பது?

சாளேஸ்வரம்:
நானும் சின்ன போன் கட்சிதான், 45 வயது வரைக்கும். அப்புறம் கண் கட்சி மாற்றிவிட்டது. சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரு சொல்லே ஒரு வரிக்கு மேல் போகிறது. தமிழ் படிக்கிறவனுக்கு அகலம் வேண்டும், ஐயா! 6.7 வாங்கினேன். கண்ணாடி தேடுகிற வேலை குறைந்தது. படுத்துக்கொண்டு படிக்கும்போது மட்டும் தூங்கிப்போய் மூக்கின் மேல் போட்டுக்கொள்கிறேன், இதுவரை மூன்று தடவை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு என் அனுபவம் உதவாது.

மின்மினி:
எல்லாருக்கும் நன்றி. கம்பிவேலி சொன்னபடி, கடையில் யாரும் வாங்காமல் டப்பாவில் கிடந்த பத்து ரூபாய் நாணயங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. அட்டையின் மேல் பேனாவால் தமிழ்99 கட்டங்களையும் வரைந்துகொண்டேன். 'அ' சுலபமாக எட்டுகிறது. மேல் மூலையில் இருக்கும் 'ஆ'வுக்குக் கொஞ்சம் விரலை இழுக்க வேண்டும், ஆனால் உள்ளங்கை படவில்லை.

சந்தேகத்தில் என் பழைய போனையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம் 70 மி.மீ.! இத்தனை வருடம் சின்னது, சின்னது என்று நான் கொண்டாடியது குள்ளமானதுதான், ஒல்லியானது இல்லை.

கடைக்காரரே, பழைய எஸ்25 வந்தால் எனக்கு எடுத்து வையுங்கள். சீக்கிரம் வாங்கியாக வேண்டும். இன்று காலை ஒரு திருப்பத்தில் பஸ் குலுங்கியதில் அட்டைக்குள்ளிருந்து சத்தம் வர, கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அக்கா, சில்லறை இருந்தா குடுங்களேன்" என்றார். பத்து ரூபாய் நாணயம் என்றதும் வேண்டாம் என்று போய்விட்டார்.