மறு: ரிசீவருக்குத் தமிழ்ச்சொல் - 'ஏற்பி' ஒட்டுதா?

அண்ணே வணக்கம்,

வீட்டுல டிவியையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற ரிசீவர் பெட்டிக்கு நீங்க போட்ட 'ஏற்பி'ங்கிற சொல்லை ரெண்டு நாளா சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், வாய்க்கு நல்லாத்தான் வருது, ஆனா பொருளோட ஒட்டல. ரேடியோ அலையை வாங்குற டியூனர் உள்ள இருக்கறதாலதான் ரிசீவர்னு பேரு, இப்ப வர்ற பெட்டியில அது ஒரு மூலை வேலை, எச்டிஎம்ஐ கேபிள்ல வர்ற படத்தையும் சத்தத்தையும் மாத்திவிடுறது, சத்தம் நம்மளச் சுத்தி வர்ற மாதிரி சரவுண்டு பிரிக்கிறது, அஞ்சு ஏழு ஸ்பீக்கரை ஓட்டுறதுன்னு மத்ததுதான் பெருசு.

போன மாசம் இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல இடி இறங்கி என் ரிசீவர் போச்சு. ரிப்பேர் பாக்குற அண்ணன் மூடியைக் கழட்டி, ஓரத்துல இருந்த பல்லி முட்டையைத் தட்டிவிட்டுட்டு, நடுவுல கனமா உக்காந்திருந்த டிரான்ஸ்பார்மரைத் தொட்டுக் காட்டினாரு. "தம்பி, ஆம்ப்ளிபையர் நல்லா இருக்கு, எச்டிஎம்ஐ போர்டுதான் செத்துருச்சு, அது இப்ப கெடைக்காது. எல்லாத்துக்கும் ஒரே உலை பாரு."

எல்லாத்துக்கும் கரண்டு குடுக்கிற அந்த ஒரே டிரான்ஸ்பார்மர், அந்த ஒரே உலைதாண்ணே விஷயம். அஞ்சு ஸ்பீக்கரும் சேந்து கேட்டா அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற வாட் வராது, அந்த அளவு பெரும்பாலும் 2 சேனலை மட்டும் ஓட்டி எடுத்தது. தனித்தனியா வாங்கினா சிக்னலை வாங்கி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ப்ரீ ஆம்புக்கு ஒரு உலை, ஸ்பீக்கரை ஓட்டுற பவர் ஆம்புக்கு ஒரு உலை, எச்டிஎம்ஐ பழசானா ப்ரீ ஆம்ப் பெட்டியை மட்டும் மாத்திக்கலாம், பவர் ஆம்ப் இருபது வருசம் கூட ஓடும். காசும் எடமும் கூடத்தான் வேணும், தமான்ல (குடியிருப்புல) இருக்கிற வீட்டு ஹாலுக்கு எனக்கே ரிசீவர்தான் சரிப்படும், வெளிய பவர் ஆம்ப் சொருகுற ப்ரீ அவுட் இருக்கறதா பாத்து வாங்கினா பின்னால பவர் ஆம்ப் சேத்துக்கலாம்.

அதனால ரிசீவருக்கு 'கூட்டுப்பெருக்கி', பிரிச்சு வாங்குறதுக்கு 'தனிப்பெட்டிகள்', அதுக்குள்ள ப்ரீ ஆம்புக்கு முன்பெருக்கி, பவர் ஆம்புக்குத் திறன்பெருக்கி. கூட்டுக்குடும்பம் தெரிஞ்ச யாருக்கும் விளக்கம் வேணாம். பாமாயில் மரத்தைச் செம்பனைன்னு சொன்னதும் செவந்த குலை கண்ணுல வருதில்ல, தோட்டத்துல எல்லா வாயிலயும் அந்தச் சொல் நிக்குது, நம்ம சொல்லும் அப்படிக் காட்டிக் குடுக்கணும். 'ஒலிபெருக்கி'யை மட்டும் ஆம்ப்ளிபையருக்கு இழுக்க வேணாம், கோயில் திருவிழாவுல தென்னமரத்துல கட்டுற குழாய்க்கு சனங்க அதை எப்பவோ குடுத்துட்டாங்க.

உங்க 'ஏற்பி'யை விட மனசில்லண்ணே, டியூனருக்கு வச்சுக்கலாமா? காலையில மின்னல் எப்எம் ரேடியோவை நெசமா வாங்கிக் குடுக்கறது அதுதானே.