கெர்னலைத் திருப்ப வேண்டுமா, வேண்டாமா?

வேளச்சேரிக்காரன்:
தி.நகரில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரப் பலகையைப் பார்த்தேன். "எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களே, செயற்கை நுண்ணறிவில் நீங்கள் பூஜ்யம். ஆறு மாதத்தில் ஆளாக்குகிறோம்" என்று எழுதியிருந்தது. வயிறு எரிந்தது. நான்கு ஆண்டுகள் நாங்கள் என்ன புல்லா பிடுங்கினோம்? படத்தில் இருப்பது பூனையா நாயா என்று கண்டுபிடிக்க நரம்பு வலைப்பின்னல் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் நிரல்) செய்கிற கன்வொலூஷன், அதாவது ஒரு சிறிய எண் பட்டையைத் தரவின் மேல் நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் பெருக்கிக் கூட்டுவது, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தில் நாங்கள் போட்ட அதே கன்வொலூஷன்தான். எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் (இ.சி.இ.) முடித்து, ஐந்து ஆண்டு சர்க்யூட் போர்டு வடிவமைத்த பிறகு இந்தத் துறைக்கு வந்தவன் நான். பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை.

தரமணி:
அதே கன்வொலூஷன் இல்லை. உங்கள் பாடத்தில் அந்த எண் பட்டையை, அதாவது கெர்னலை, இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் நகர்த்துவீர்கள். இங்கே யாரும் திருப்புவதில்லை. திருப்பாமல் நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் இதற்குப் பெயர் கிராஸ் கோரிலேஷன். நரம்பு வலைப்பின்னல் எழுத உதவும் பைடார்ச் மென்பொருளின் ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பெயர் ஒன்று என்பதற்காகச் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

வேளச்சேரிக்காரன்:
கெர்னலில் உள்ள எண்களை வலைப்பின்னல் தானே கற்றுக்கொள்கிறது. திருப்பி வைத்தால் திரும்பிய எண்களைக் கற்கும், அவ்வளவுதான். விடை மாறாது. எங்கள் ஆசிரியர் வரைபடத் தாளைப் பட்டையாகக் கத்தரித்து, கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி, கரும்பலகையில் அங்குலம் அங்குலமாக நகர்த்திக் காட்டுவார். அந்தப் பட்டை இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கா திருப்புவதைப் பற்றிப் பாடம்?

தரமணி:
விடை மாறாதா? 1, 2, 4 என்று மூன்று எண்கள். கெர்னல் 1, 0, -1. திருப்பாமல் பெருக்கிக் கூட்டினால் -3. திருப்பினால் 3. கடனும் வரவும் ஒன்று என்கிறீர்களா?

மூன்றாம் ஆண்டு மாணவி:
அண்ணா, நானும் இ.சி.இ.தான். 2024 முதல், முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் டேட்டா சயின்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவுக்குத் தனித் தாள் வந்திருக்கிறது. அதை எழுதலாமா, அல்லது இப்போதே நல்ல புராஜெக்ட் ஒன்று செய்து வேலை தேடலாமா? வீட்டில் கேட்கிறார்கள்.

வேளச்சேரிக்காரன்:
தங்கச்சி, அந்தத் தாளின் பாடத்திட்டத்தைத் திறந்து பார். ஏழு பிரிவுகளில் முதல் மூன்று நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம். மூன்றும் நமக்குக் கைவந்தவை. டேட்டா ஸ்டிரக்சரும் டேட்டாபேஸும்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். தரமணி அவர்களுக்கு இன்னொன்று. விட்ரோவும் ஹாஃபும் 1960-இல் கொண்டுவந்த எல்.எம்.எஸ். முறையை எதிரொலி நீக்கும் ஃபில்டருக்காக நாங்கள் படித்தோம். பிழையைப் பார்த்து எடைகளை (பெருக்கும் எண்களை) கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவது. இன்று நரம்பு வலைப்பின்னலுக்குப் பயிற்சி கொடுப்பதும் அந்த வேர்தான். கன்வொலூஷனும் எங்களுடையது, இதுவும் எங்களுடையது.

தரமணி:
எல்.எம்.எஸ். வலைப்பின்னலின் ஒரே ஓர் அடுக்குக்கு உரியது. பல அடுக்குகளுக்குப் பிழையைப் பின்னோக்கிக் கடத்தும் வழியை ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் 1986-இல் எழுதிய கட்டுரைதான் பரவலாக்கியது. பேச்சை மாற்றாதீர்கள். -3, 3. பதில் எங்கே?

அம்பத்தூர்ப் பெரியவர்:
இரண்டு பேரும் காகிதத்திலேயே சண்டை போடுகிறீர்கள். ரிச்சி தெருவில் அலைந்து ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் பொறுக்கி, கை சுட்டுக்கொண்டு சால்டரிங் செய்தவன் நான். எங்கள் காலத்தில் கவுன்சலிங்கில் இ.சி.இ. கிடைக்காதவன்தான் கம்ப்யூட்டர் பக்கம் போனான். இன்று எல்லோரும் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கும் ஓ.எம்.ஆர். சாலைக்கு ஓடினால் சிப்பை யார் வடிவமைப்பது? உங்கள் வலைப்பின்னலை ஓட்டுகிற ஜி.பி.யூ. சிப் என்ன மரத்திலா காய்க்கிறது?

தரமணி:
ஐயா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தேடி எடுத்தவன். கிடைக்காமல் போனவன் இல்லை. இந்த ஏளனத்தைப் போன தீபாவளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்பத்தூர்ப் பெரியவர்:
உங்களைச் சொல்லவில்லை தம்பி. ஆனால் உங்களுக்குத்தான் சுடுகிறது.

வேளச்சேரிக்காரன்:
பெரியவரே, ஓடியவன் என்று என்னைச் சொல்லாதீர்கள். ஐந்து ஆண்டு போர்டு வடிவமைத்தேன். சம்பளம் ஏறவில்லை. என்னைவிடப் பின்னால் வந்தவர்கள் மென்பொருளுக்குப் போய் வீடு வாங்கினார்கள். இரவு பத்து மணிக்கு மேல் பைத்தான் படித்துத்தான் மாறினேன். யான் லெகூன் பாரிசில் பொறியியல் படித்தவர். 1989-இல் கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைக் கன்வொலூஷன் வலைப்பின்னலால் படிக்க வைத்தார். அவருக்கு முன்னால் போய்த் திருப்பவில்லையே என்று சண்டை போடுவீர்களா? இப்போது -3-க்கு வருகிறேன். உங்கள் 1, 0, -1 நீங்களே கையால் எழுதிய கெர்னல். பயிற்சியில் யாரும் கையால் எழுதுவதில்லை. திருப்புகிற வலைப்பின்னலாக இருந்தால் அது -1, 0, 1 என்று கற்றிருக்கும், விடை -3-ஆகவே வந்திருக்கும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: ஒன்றுதான்.

தரமணி:
அப்படியென்றால் "கற்றுக்கொள்வதால் வேறுபாடு தெரியாது" என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். "அதே கன்வொலூஷன்" என்று எழுதினீர்கள். அது தவறு.

வேளச்சேரிக்காரன்:
தவறு இல்லை.

மூன்றாம் ஆண்டு மாணவி:
அண்ணா, டேட்டா ஸ்டிரக்சருக்கு எத்தனை மாதம் ஒதுக்க வேண்டும்? விண்ணப்பம் போட வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

தரமணி:
தங்கை, அதைச் சொல்கிறேன். முதலில் அவரிடம் கேள், தேர்வில் கிராஸ் கோரிலேஷன் என்று கேட்டால் கன்வொலூஷன் என்று எழுதலாமா என்று.

வேளச்சேரிக்காரன்:
என் ஆசிரியரின் காகிதப் பட்டையைத் திருப்பாமல் நகர்த்திப் பாருங்கள். பிறகு கெர்னலை முதலிலேயே தலைகீழாக எழுதிக்கொண்டு, திருப்பி நகர்த்திப் பாருங்கள். இரண்டு விடைகளையும் இங்கே எழுதுங்கள். எழுதும்வரை விடமாட்டேன்.