பாட்டிலில் அடைத்த குளத்துச் சேறு கறுத்து நாறுகிறது: கொட்டிவிடலாமா?

குடுவைக்காரர் எழுதியது:

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் செய்முறைக்காக இரண்டு பாட்டில்களில் குளத்துச் சேற்றை அடைத்து ஏழு வாரங்கள் ஆகின்றன. இரண்டுமே பழைய இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். கிழித்த செய்தித்தாள், சுண்ணாம்புத் தூள், ஜிப்சம் மூன்றையும் கலந்த சேறு அடியில் ஒரு சாண் உயரம். அதன்மேல் வெறும் சேறு, அதற்கும் மேலே குளத்து நீர். ஒன்றை ஜன்னலோரம் வைத்தோம். மற்றதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டோம்.

அலமாரி பாட்டில் கன்னங்கரேலென்று இருக்கிறது, வேறு மாற்றம் இல்லை. ஜன்னல் பாட்டிலும் மூன்றாம் வாரம் கறுத்தது. ஐந்தாம் வாரம், வெளிச்சம் படும் பக்கத்தில் மட்டும், கட்டைவிரல் நகமளவுக்கு ஓர் ஊதாத் திட்டு தெரிந்தது. இப்போது அது படர்ந்து இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டையாகிவிட்டது. அதற்குக் கீழே மங்கலான பச்சைப் பட்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, சேறும் நீரும் சந்திக்கும் இடத்தில், பளிச்சென்ற பச்சை. அறைக்குள் திரும்பியிருக்கும் பக்கம் இன்னும் கறுப்புதான்.

மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பள்ளியில் காட்டியபோது, "கெட்டுப்போய்விட்டது, கொட்டிவிட்டு வேறு ஏதாவது செய்து வா" என்று சொல்லிவிட்டார்கள். மகள் அழுதுகொண்டே வந்தாள். உண்மையிலேயே கெட்டுவிட்டதா? கெட்டிருந்தால் நிறங்கள் ஏன் இப்படி வரிசை கட்டி நிற்கின்றன?

சேற்றுமணம் எழுதியது:

தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவள் செய்தது அச்சு அசலாகப் பலித்திருக்கிறது. அந்த ஊதாப் பட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவள் நான்.

இருபத்தாறு ஆண்டுகள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். "கெட்டுப்போனது" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மனம் பொறுக்காது. கெட்டது என்று நாம் சொல்கிற இடத்தில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பாட்டிலுக்குள் ஒருவர் கழித்ததை அடுத்தவர் உண்ணும் பந்தி நடக்கிறது. அதை அடியிலிருந்து பாருங்கள்.

செய்தித்தாளில் இருப்பது செல்லுலோஸ். காற்றே இல்லாத அடிச்சேற்றில் அதை உடைக்கும் பாக்டீரியாக்கள் சில அமிலங்களையும் ஹைட்ரஜனையும் வெளியே விடுகின்றன. அவற்றை எடுத்துக்கொள்வது இன்னொரு கூட்டம். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல அவை சல்பேட்டைச் 'சுவாசிக்கின்றன'. நீங்கள் போட்ட ஜிப்சம் அந்தச் சல்பேட்டுக்காகத்தான். அவை வெளியே விடும் மூச்சுதான் உங்கள் வீட்டில் நாறுகிற ஹைட்ரஜன் சல்பைடு. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்ததும் இரும்பு சல்பைடு ஆகிறது. நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான். இவை எதற்கும் வெளிச்சம் தேவையில்லை, ஆகவே அலமாரி பாட்டிலும் கறுத்தது.

அந்த நாற்ற வாயுவை எதிர்பார்த்து மேலே காத்திருப்பவைதான் உங்கள் ஊதாவும் கீழ்ப்பச்சையும். இரண்டுமே ஒளிச்சேர்க்கை செய்யும் கந்தக பாக்டீரியாக்கள். செடி நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. இவை ஹைட்ரஜன் சல்பைடைப் பிளந்து கந்தகத்தை விடுகின்றன. பச்சைக் கந்தக பாக்டீரியா அந்த வாயுவை அதிகம் தாங்கும், மிகக் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். அதனால் அது கீழே. ஊதா அவ்வளவு தாங்காது, அதனால் மேலே. உச்சியில் இருக்கும் பளிச்சென்ற பச்சை, பாசியும் சயனோபாக்டீரியாவும். ஆக்சிஜனை உண்டாக்குவது அவை மட்டும். உங்கள் மகள் அளவுகோலை வைத்து அளந்தாளானால், அவள் அளந்தது இந்த எல்லைகளைத்தான்.

இந்த ஊதாப் பூச்சுதான் செடிகளின் ஒரு பெரிய புதிரை அவிழ்த்தது. செடி வெளிவிடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்று அறிஞர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1930களின் தொடக்கத்தில் கொர்னேலியஸ் வான் நீல் இந்தக் கந்தக பாக்டீரியாக்களை வைத்து யோசித்தார். இவை ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கின்றன என்றால், செடி நீரிலிருந்துதானே ஆக்சிஜனைப் பிரிக்க வேண்டும்? 1941இல் கன ஆக்சிஜன் (சாதாரண ஆக்சிஜனைவிட எடை கூடிய வகை) கலந்த நீரை வைத்து ரூபனும் கேமனும் குழுவினரும் சோதித்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. நம் மூச்சுக்காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சேறு துப்புக் கொடுத்திருக்கிறது. அதைக் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள்!

செய்ய வேண்டியது: பாட்டிலைத் திருப்பி, கறுத்த பக்கத்தை ஜன்னலை நோக்கி வையுங்கள். ஊதா பாக்டீரியா நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். மேலே உள்ள பாசி பயன்படுத்தாமல் விட்டுவிடும் ஒளி அது. வெள்ளை எல்இடி விளக்கில் அந்த ஒளி மிகக் குறைவு. சூரிய வெளிச்சமோ பழைய இழை பல்போதான் நல்லது. நேர்வெயில் சுட்டெரிக்கும் இடம் வேண்டாம். மூடியை இறுக்கிவிடாதீர்கள், உள்ளே உருவாகும் வாயு வெளியேற வழி வேண்டும்.

ஐயப்பாடு எழுதியது:

மேலே சொன்ன விளக்கம் அருமை. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயுதானே? குழந்தை இருக்கும் வீட்டில் ஏழு வாரமாக வைத்திருப்பது சரியா?

சேற்றுமணம் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி. இந்த ஒரு பாட்டிலில் உருவாகும் அளவு மிகக் குறைவு. அதிலும் பெரும்பகுதியை இரும்பு பிடித்துவைத்துக்கொள்கிறது, மீதியை மேலே இருப்பவை உண்கின்றன. காற்றோட்டமான இடத்தில் வைத்து, அடிக்கடி திறந்து முகராமல் இருந்தால் போதும்.

ஆனால் இதே வாயு, இதே வகை பாக்டீரியாக்களிடமிருந்து, மூடிய கழிவுநீர்க் குழியில் சேரும்போது ஆளைக் கொல்லும். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்து இல்லை என்று நினைத்த நொடியிலேயே மனிதர் சாய்ந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் சாவார். அதனால்தான் மனிதரைக் குழிக்குள் இறக்கவே கூடாது என்று பணியில் இருந்தவரை நான் சண்டை போட்டேன்.

கான்கிரீட்டையும் இது விடுவதில்லை. பழைய கழிவுநீர்க் குழாயைத் தோண்டி எடுத்தபோது, நீர் ஓடிய அடிப்பகுதி திடமாக இருந்தது. நீரே தொடாத மேல்வளைவு ஈரச் சுண்ணாம்பு போல விரலில் ஒட்டி உதிர்ந்தது. காரணம், வாயு மேலே ஏறி ஈரச் சுவரில் படிகிறது. அங்கே வாழும் வேறு பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்கிவிடுகின்றன. 1945லேயே மெல்போர்னில் பார்க்கர் என்பவர் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

குடுவைக்காரர் எழுதியது:

அம்மா, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "பந்தி" என்ற சொல்லை அவள் விடவே இல்லை. பாட்டிலைத் திருப்பி வைத்தோம். இன்று பதினெட்டாம் நாள். கறுப்புப் பக்கத்தில் ஊதாப் புள்ளிகள், மொத்தம் பதினொன்று. அவள் எண்ணி, தாளில் வரைந்து வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் நடந்தது. நேற்று விடியுமுன் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள். சேற்றின் மேல்பரப்பில், பச்சைக்கும் மேலே, சிலந்தி வலை போல வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். பூஞ்சை என்று நினைத்தேன். மதியம் பார்த்தால் அது இல்லை. இன்று விடியுமுன் மறுபடி இருக்கிறது! இது என்ன?

சேற்றுமணம் எழுதியது:

அந்தப் பிள்ளையை என் சார்பில் ஒருமுறை கட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்கிற படலம் பெரும்பாலும் பெகியடோவா. நூல்நூலாக வளர்ந்து, ஊர்ந்து நகரும் பாக்டீரியா. அதற்கு ஹைட்ரஜன் சல்பைடும் வேண்டும், ஆக்சிஜனும் கொஞ்சம் வேண்டும். இரண்டும் சந்திக்கும் மிக மெல்லிய எல்லையில்தான் அது வாழும். பகலில் பாசி ஆக்சிஜனை உண்டாக்கிக் கீழே தள்ளுவதால் அந்த எல்லை சேற்றுக்குள் இறங்கும், பெகியடோவாவும் கூடவே இறங்கும். இரவில் ஆக்சிஜன் உற்பத்தி நின்றுவிடும், எல்லை மேலே வரும், அதுவும் வரும். வெள்ளை நிறம் அதன் உடலுக்குள் சேர்ந்திருக்கும் கந்தக மணிகளால்.

இந்தப் பாட்டில் முறைக்கு வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிர் ஆய்வாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கீவ் நகரில் பிறந்த அந்த மனிதர் நுண்ணோக்கியின் கீழ் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததும் இதே உயிரைத்தான். ஹைட்ரஜன் சல்பைடு கலந்த நீரை விட்டால் மணிகள் நிறைந்தன, நிறுத்தினால் கரைந்து மறைந்தன. உயிரில்லாத ஒரு கனிமப் பொருளை எரித்தே ஓர் உயிர் ஆற்றல் பெற முடியும் என்று 1887இல் அவர் சொன்னது அதை வைத்துத்தான்.

டார்ச்சை ஓரிரு நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிச்சத்தைக் கண்டால் அது விலகி ஓடும். மாலை விளக்கணைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, எத்தனை மணிக்கு மேலே வருகிறது என்று குறித்து வைத்தால், அந்தத் தாளை எனக்கும் காட்டுங்கள்.