சூக்-யின் லீ: மூன்று பேர் என்று நினைத்திருந்தேன்

சூக்-யின் லீயை நேரில் பார்த்தவர்கள் எப்படிப்பட்டவர் என்று சொல்லுங்கள். கனடிய வானொலித் தொகுப்பாளரான அவரோடு என் பழக்கம் முழுக்கக் காது வழியாகத்தான்.

2005 வாக்கில் ரொறன்ரோவில் பீட்சா டெலிவரி செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை பிற்பகலில் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் வானொலியில் 'டெபினிட்லி நாட் தி ஆபரா' வரும். அதே நேரம் சிபிசியின் இன்னொரு அலைவரிசையில் நிஜமாகவே ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) ஓடும். அதனால்தான் 'நிச்சயமாக ஆபரா இல்லை' என்று இந்தக் குறும்புப் பெயர். வாரம் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, சாதாரண ஆட்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பார் சூக்-யின் லீ. செய்தி வாசிப்பவரின் இஸ்திரி போட்ட குரல் இல்லை. நடுவில் சிரிப்பார், தன் வீட்டுச் சங்கதியையும் போட்டு உடைப்பார். என் ஆங்கிலத்தில் பாதி அங்கே கற்றதுதான். கதை முடியட்டும் என்று வாடிக்கையாளர் வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்திருப்பேன். பீட்சா ஆறும். டிப்ஸும்.

ஒருநாள் அறைத்தோழன், "டேய், இவர் மச்மியூசிக் பாட்டுச் சேனலில் வி.ஜே.யாக, அதாவது நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்தவர்" என்றான். 1995 முதல் 2001 வரை டிவியில் பார்த்தவனாம். அதற்கும் முன்னால் வான்கூவரில் 'பாப்ஸ் யுவர் அங்கிள்' இசைக்குழுவின் பாடகி. நான் நம்பவில்லை, வேறு யாரோ என்று அடித்துச் சொன்னேன்.

அப்புறம் 2006-இல் 'ஷார்ட்பஸ்' படம். அதில் பாலுறவுக் காட்சிகள் நடிப்பல்ல, நிஜம். இந்தப் படத்தில் நடிப்பதற்காக அவரை வேலையை விட்டே நீக்கப் பார்த்தது சிபிசி. இசைக்கலைஞர் யோகோ ஓனோ, திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா போன்றவர்கள் ஆதரவாகக் கிளம்பியதும் பின்வாங்கியது. ஊராரை மனம் திறக்கச் சொல்கிறவர் தானும் திறந்தால் மட்டும் குற்றமா? எனக்கு இன்றும் அது விளங்கவில்லை. படத்தை முழுசாகப் பார்க்கும் தைரியம் வரவில்லை என்பது வேறு கதை.

2013-இல் சிபிசி டிவியிலேயே 'ஜாக்' படம் வந்தது. கனடாவின் புதிய ஜனநாயகக் கட்சி (என்டிபி) தலைவராக இருந்த ஜாக் லேட்டனின் வாழ்க்கை. மனைவி ஒலிவியா சௌவாக நடித்தவர் யார் என்று பெயர்ப் பட்டியல் ஓடும்போதுதான் தெரிந்தது. எட்டு வருடம் கேட்ட குரல், பிடிபடவே இல்லை! அந்த வேடத்துக்கு கனேடியத் திரை விருதும் கிடைத்தது.

வானொலி நிகழ்ச்சி 2016-இல் நின்றது. 2023-இல் ஒலிவியா சௌ ரொறன்ரோ மேயரானார். இப்போதும் அவர் டிவியில் பேசினால் எனக்குப் பீட்சா வாசனை வருகிறது.